வூடு என்றாளா, வுடு என்றாளா

விளையாட்டு ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் எல்லார் கழுத்திலும் விசில் தொங்குகிறது. நல்லது, தொங்கட்டும். ஆனால் நம் வேலைக்கு வாயைவிடக் காது முக்கியம். கத்திக் கத்தியே தொண்டை போன பிறகு எனக்குத் தெரிந்த விஷயம் இது. உங்களுக்காவது கொஞ்சம் முன்னாலேயே தெரியட்டுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் உங்களில் ஒரு தம்பி போன் செய்தார். "மேடம், எதிர் டீமுல பயங்கர ஸ்பீடா ஆடுறாங்க. நம்ம பசங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள கோல் வுழுந்துடுது. எப்படி மேடம் தடுக்கறது?" என்றார். நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க பேக் பசங்க ஒருத்தரை ஒருத்தர் என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டுக்கறாங்க?" அவர் யோசித்தார். "கத்துவாங்க மேடம், என்னமோ கத்துவாங்க" என்றார். அட போங்க தம்பி! அந்த 'என்னமோ'வில்தான் கோல் விழுகிறது. அவர் பஸ்ஸில் இருந்ததால் லைன் கட்டாகிவிட்டது. மிச்சத்தை இங்கே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். எங்களுக்கு மைதானம் என்று இருந்தது செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு காலி இடம். ஒரு பக்கம் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பீங்கான் யூனிட்டுகள். ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கப்பு, பொம்மை என்று ஒவ்வொரு கொட்டகையிலும் ஒன்று செய்வார்கள். உடைந்தது எல்லாம் எப்படியோ எங்கள் மைதானத்துக்கு வந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் மற்ற பள்ளிப் பிள்ளைகள் குதித்துக் கைகால் உதறுவார்கள். எங்கள் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து சில்லு பொறுக்குவார்கள். அதுதான் எங்கள் வார்ம்-அப். இடுப்பு நன்றாக வளையும், குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் கால்பந்து டீமில் ஸ்டாப்பர் பேக்காக ஆடியவள் கலையரசி. கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் இடம் அது. பன்னிரண்டாவது படித்தாள். ஓட்டப் பந்தயத்தில் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவாள். அவ்வளவு வேகம். ஆனால் பந்து எங்கே போகப் போகிறதோ அங்கே அவள் முன்னாலேயே நின்றிருப்பாள். பதறவே மாட்டாள். அவள் அம்மா தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் வேலை பார்த்தார். பிளஸ் டூ முடித்ததும் கலையையும் அதே யூனிட்டில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். கலைக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவளுக்கு என்னைப் போல பி.டி. டீச்சர் ஆக வேண்டும். எனக்கே ஆச்சரியம்தான். தினம் வெயிலில் நின்று காய்கிற என்னைப் பார்த்துமா இந்த ஆசை என்று கேட்டேன். "ஆமா டீச்சர், நீங்க யாரை வேணும்னாலும் திட்டலாம்ல" என்றாள்.

மார்க் அவளுக்கு வராது. ஒரே ஒரு வழி இருந்தது. மாவட்ட டீமில் இடம் கிடைத்து மாநிலப் போட்டி ஆடிவிட்டால், சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டும் ஹாஸ்டலும் கிடைக்கும். அந்தக் கல்லூரிக்காரர்களே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாவட்ட டீமை எடுப்பது, மாவட்ட இறுதி ஆட்டம் முடிந்த உடனே, அந்த மைதானத்திலேயே. அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். ஆட்டம் எங்கள் சில்லு மைதானத்திலேயே. கலைக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கலையின் அம்மா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் வந்தார். கையெல்லாம் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம். கோல் போடுற புள்ளைய எல்லாரும் பாப்பாங்க. தடுக்குற புள்ளைய யாரு பாப்பாங்க?" என்றார்.

"பாக்கத் தெரிஞ்சவங்க பாப்பாங்கம்மா" என்றேன்.

"அப்பிடி ஒருத்தரு நாளைக்கு வராங்களா?"

"வருவாங்கம்மா, நீங்க நிம்மதியா போங்க" என்று அனுப்பி வைத்தேன்.

எதிர் அணி கடலூர்ப் பக்கம் கடலோரத்துப் பள்ளி. மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள், கட்டாந்தரையில் விட்டால் கேட்கவா வேண்டும்! அரையிறுதியில் அவர்கள் ஆடியதைப் பார்த்தேன். பந்து வெளியே போனால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய், பாவாடை நாடாவைச் சரி செய்வதுபோல டிராயரைச் சரி செய்து, தலைமுடியை ஒதுக்கி, பிறகு திரும்புவார்கள். அதற்குள் அவர்கள் பந்தை எறிந்து, வாங்கி, தட்டி, உள்ளே போய்விடுவார்கள். ஃபவுல் என்று ரெஃபரி விசில் ஊதினால், ஊதின சத்தம் அடங்குவதற்குள் பந்து போயிருக்கும். மூச்சு வாங்கவே விட மாட்டார்கள். அவர்களுடைய முன்னாட்டக்காரி மெர்சி என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண். ஒல்லி. பந்து காலில் வந்ததும் எதிரில் இருப்பவளைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் தாண்டியிருப்பாள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். வேகமாக வருகிறவர்களைத் தடுக்க வேண்டுமென்றால், நாம் பந்தை இழந்த நொடியில் எல்லாரும் நம் கோலுக்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் "ஃபால் பேக்" என்று கத்துவேன். யாருக்கும் ஏறாது. "டீச்சர், அது யாரோ கீழ வுழுந்துட்ட மாதிரி இருக்குது" என்றாள் எங்கள் கீப்பர் பரமேஸ்வரி. அவளை நாங்கள் பரமு என்போம். அவளே ஒரு வார்த்தை கண்டுபிடித்தாள். "வூடு." எல்லாரும் வீட்டுக்கு வாங்க என்று அர்த்தம். கோல்தான் வீடு. பரமு பின்னால் நின்று "வூடு!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பத்துப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். பார்க்கவே அழகாக இருக்கும். காலிறுதி, அரையிறுதி இரண்டும் அந்த வார்த்தையில்தான் ஜெயித்தோம்.

இறுதி ஆட்டம் ஆரம்பித்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் மூத்தவர்தான் முடிவு செய்பவர். அவரை செலக்டர் சார் என்றே சொல்கிறேன். நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடி வழியாக முன்னாட்டக்காரர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கோல் சீக்கிரமே விழுந்தது. அது எல்லா டீமும் செய்கிற தப்பு. மெர்சி பந்தோடு வந்தாள், எங்கள் இடது பேக் பிள்ளை பயத்தில் அவள் மேல் பாய்ந்தாள். பாய்ந்தவளைத் தாண்டுவது சுலபம். அடுத்தவள் பாய்ந்தாள், அவளையும் தாண்டினாள். கலை நகர்ந்து போய் இடத்தை அடைப்பதற்குள் பந்து வலையில். வேகத்தைப் பார்த்ததும் நமக்கும் வேகம் வந்துவிடும், அதுதான் பிரச்சினை. அவள் ஓடுகிறாள் என்று நாமும் ஓடினால் அவளுக்குத்தானே கொண்டாட்டம்? இது பழைய பாடம், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கோலைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் கோலைச் சமன் செய்கிற ஆவேசத்தில் மொத்தமாக முன்னால் போயிருந்தார்கள். பந்து பறிபோனது. அவர்கள் நீளமாக ஒன்று அடித்தார்கள். பந்து உருண்டு எங்கள் கோலை நோக்கி வருகிறது. மெர்சி பின்னால் பறந்து வருகிறாள். ஆனால் கலை அங்கே இருந்தாள்! முன்னாலேயே கணக்குப் போட்டு நின்றிருந்தாள். பந்து அவள் காலுக்கு வந்துவிட்டது. ஒரு உதை உதைத்தால் வெளியே போயிருக்கும்.

கலை காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள். பந்து அவளைக் கடந்து உருண்டது. பரமு கோல் கோட்டிலேயே நின்றிருந்தாள். நடுவில் யாரும் இல்லாத இடத்தில் மெர்சி வந்து, வேலையே இல்லாமல், லேசாகத் தட்டி உள்ளே விட்டாள்.

எதிர் அணிக்குக்கூடக் கத்தத் தோன்றவில்லை. பிறகு ஒரே சிரிப்பு. செலக்டர் சார் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பொண்ணு என்ன, பஸ்ஸுக்கா நிக்குது?" என்றார். எனக்குக் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். வேலி ஓரத்தில் கலையின் அம்மா நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளை விசில் ஊதியதும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வந்த வேகத்தில் பரமுவும் கலையும் சண்டை.

"பந்து காலுக்கு வந்துச்சு, ஏன்டி வுட்ட?" என்றாள் பரமு.

"நீதானடி வுடுன்ன! நீ வந்து எடுக்கப் போறன்னு வுட்டேன்!"

"நான் எங்கடி வுடுன்னேன்? முன்னாடி போனவளுங்கள எல்லாம் வூடுன்னுதான் கூப்புட்டேன்!"

"வுடுன்னுதான் காதுல வுழுந்துச்சு!"

"வூடுன்னேன்டி!"

தலையில் அடித்துக்கொண்டேன். பாருங்கள், உலகத்தில் வேறு எந்த ஊர் டீமுக்கும் இந்தத் தப்பு வராது. மதுரைப் பிள்ளை வீடு என்று சொல்லியிருக்கும். நம் ஊரில் வீடு வூடு, விடு வுடு. மூச்சு வாங்க ஓடுகிறபோது நெடில் எது, குறில் எது? "வூடு" என்றால் எல்லாரும் திரும்பி வா. "வுடு" என்றால் நீ தொடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் நேரெதிர். இரண்டையும் கத்துவது ஒரே கீப்பர்.

அப்போது எங்கள் ஹெச்.எம். வந்தார். நல்ல மனுஷி, பிள்ளைகள் மேல் உயிர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கலையை உக்கார வச்சிடுங்க டீச்சர். புள்ள மனசு ஒடஞ்சி இருக்குது. இன்னும் நாலு வுழுந்தா அவ பேருலதான் சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கலையே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை எடுத்துடுங்க டீச்சர். என்னாலதான் தோக்கறோம். அம்மா வேற நிக்குது."

இந்த இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது, தம்பி தங்கைகளே. பயிற்சி எல்லாம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இடைவேளையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது, ஹெச்.எம். ஒரு பக்கம், கைக்கடிகாரம் ஒரு பக்கம் நெருக்கும்போது என்ன முடிவெடுக்கிறீர்கள் என்பதற்குத்தான் சம்பளம். அவளை வெளியே எடுத்தால் அவளுக்கு நிம்மதி, எனக்கு நிம்மதி, ஹெச்.எம்.முக்கும் நிம்மதி. ஆனால் செலக்டர் மனதில் அவள் பஸ்ஸுக்கு நின்றவளாகவே தங்கிவிடுவாள். அடுத்த வாய்ப்பு என்று ஒன்று அவளுக்கு இல்லை.

நான் முதலில் ஒரு காரியம் செய்தேன். பரமுவைக் கோலுக்கு அனுப்பினேன். கலையையும் மற்ற பேக்குகளையும் முதுகைத் திருப்பி நிற்க வைத்தேன். "பரமு, ரெண்டையும் மாத்தி மாத்திக் கத்து!" என்றேன். அவள் கத்தினாள். இவர்கள் கையைத் தூக்க வேண்டும், வூடா வுடுவா என்று. பாதிக்குப் பாதி தப்பு. எனக்கே தெரியவில்லை. ஹெச்.எம். தமிழ் எம்.ஏ., அவருக்கும் தெரியவில்லை.

"பாத்தியா கலை? ஒன் காலு தப்பு பண்ணல, காதும் தப்பு பண்ணல. வார்த்தைதான் தப்பு. வார்த்தையைத்தான் வெளிய எடுக்கணும், உன்னை இல்ல" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நம்பியது போலத்தான் இருந்தது.

இரண்டு வார்த்தையையும் தூக்கி எறிந்தோம். பந்தை எடுக்க வந்தால் பரமு தன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், "பரமு!" என்று. வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதே வேண்டாம், பேக்குகள் யாரும் இனிமேல் வீட்டைவிட்டுப் போகவே கூடாது என்றேன். "ரெண்டு கோல் பின்னாடி இருக்கோம், முன்னாடி போகாம எப்படி டீச்சர்?" என்றார்கள். "அது முன்னாடி இருக்கறவங்க கவலை. மொதல்ல ஓட்டையை அடைங்க" என்றேன். ஆனால் பெரிய பிரச்சினை அப்படியே இருந்தது. மெர்சி பந்தோடு வரும்போது நம் பிள்ளைகள் பாயக் கூடாது. பாயாதே என்று எத்தனையோ நாள் சொல்லியாயிற்று. மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லையே!

"'பச்சை'ன்னு கத்தட்டுமா டீச்சர்?" என்றாள் கலை.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடது பேக் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். இன்னொருத்தி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் குபீரென்று சிரித்தார்கள். அவ்வளவு நேரம் அழுத முகங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். சூளையில் வேகாத பீங்கானை யூனிட்டில் பச்சை என்பார்கள். செங்கல் சூளையில் பச்சைக்கல் என்கிறார்களே, அதுபோல. விரல் பட்டால் போதும், கப்பின் வாய் உடைந்துவிடும். பெண்கள் அதைப் பலகையில் வரிசையாக அடுக்கி, தோளில் வைத்துக்கொண்டு "பச்சை! பச்சை!" என்று சொல்லியபடி வருவார்கள். எதிரில் வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? இடிக்கக் கூடாது, தொடக் கூடாது. திரும்பி ஓடவும் கூடாது, ஓடினால் முழங்கை படும். பலகையைப் பார்த்தபடியே உடம்பை ஒருக்களித்து, பின்னால் பின்னால் நகர்ந்து சுவர் ஓரமாக வழி காட்ட வேண்டும். எங்கள் டீமில் பாதிப் பேர் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைகளில் நடந்து வளர்ந்தவர்கள். இந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் கால் தானாகவே அடங்கும்.

வேகமாக வருகிறவளை எப்படித் தடுக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். பாயாதே, ஒருக்களித்து நில், பந்தைப் பார், பின்னால் நகர், ஓரத்துக்குத் தள்ளு. அதேதான்! நான் வருடக் கணக்கில் கத்தியும் ஏறாத பாடம் அந்தப் பிள்ளைகளின் காலில் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

"கத்து புள்ள! நீதான் கத்தணும்" என்றேன். ஹெச்.எம்.மிடம், "கலை ஆடுறா மேடம். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, ஒங்க பொறுப்பு" என்று போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் மெர்சி பந்தோடு வந்தாள். அதே சிரிப்பு.

"பச்சை!" என்றாள் கலை.

இடது பேக் பாயவில்லை. ஒருக்களித்துப் பின்னால் நகர்ந்தாள். மெர்சி ஒரு பக்கம் ஆட்டம் காட்டினாள், இவள் அசையவில்லை. இன்னொரு பக்கம் காட்டினாள், அதற்கும் இல்லை. பாய்ந்து வருகிறவளைத் தாண்டிப் பழகிய பெண்ணுக்கு, பாயாதவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேகம் குறைந்தது. ஓரத்துக்குப் போனாள், அங்கே கோடு வந்துவிட்டது. அதற்குள் எங்கள் நடு ஆட்டக்காரப் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். கலை மெதுவாக வந்து, கீழே கிடந்ததை எடுப்பது போலப் பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் பந்தை அவசரமாக எறியும்போதும் அதேதான். பந்து வெளியே போனால் முதுகைக் காட்டாதே, பந்தைப் பார்த்தபடியே பின்னால் போ என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கலை ஒரு "பச்சை!" போட்டால் போதும், யாரும் டிராயரைச் சரி செய்யப் போகவில்லை. அவர்கள் வேகமாக எறிவார்கள், இங்கே எல்லாரும் ஏற்கெனவே முகத்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த வேகத்துக்கு அப்புறம் என்ன வேலை?

நடுவில் ஒரு முறை பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எடுத்து வரும்வரை நின்றிருந்தார்கள். மெர்சி கலையிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"இன்னாக்கா அது, பச்சை பச்சைன்னு?"

"தொட்டா ஒடஞ்சிடுவ. அதான் தொடாம வச்சிருக்கோம்" என்றாள் கலை.

மெர்சிக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். கலையும் சிரித்தாள். கொஞ்ச நேரம் முன்னால் என் கையைப் பிடித்து அழுத பெண்ணா இது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் எங்கள் முன்னாட்டக்காரி ஒரு கோல் போட்டாள். கலை எடுத்துக் கொடுத்த பந்துதான் நாலு கால் மாறிப் போய் விழுந்தது. ஆனால் கொடுத்தவளை யார் எழுதி வைக்கிறார்கள்? செலக்டர் சார் கோல் போட்டவள் நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டார்.

கடைசி நிமிடங்கள். சமன் செய்கிற ஆசையில் பேக் பிள்ளைகள்கூட நான் சொன்னதை மறந்து கொஞ்சம் முன்னால் போய்விட்டார்கள். மறுபடி பந்து பறிபோனது, மறுபடி நீளமாக ஒன்று. இந்த முறை பந்து மெர்சி காலில். எதிரில் கலை ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் பரமு. மற்ற யாரும் இல்லை. கத்துவதற்கும் யாரும் இல்லை, கலை தனக்குத் தானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

போ, போய்த் தடு என்று கத்த வாய் திறந்தேன். நல்லவேளை, சத்தம் வரவில்லை. கலை போகவில்லை. பின்னால் நகர்ந்தாள். கோல் நெருங்குகிறது, இன்னும் நகர்ந்தாள். பார்க்கிறவர்கள் "ஏய், போடி! போடி!" என்று கத்துகிறார்கள். மெர்சி இடுப்பை ஆட்டினாள், சிரித்தாள், நின்றாள், மறுபடி கிளம்பினாள். கலை அவள் இடுப்பையும் பார்க்கவில்லை, சிரிப்பையும் பார்க்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். கடைசியில் மெர்சிக்குத்தான் பொறுமை போயிற்று. பந்தை ஒரு அடி அதிகமாகத் தட்டிவிட்டாள். அந்த ஒரு அடியில் கலை கால் வைத்தாள். பந்து அவளிடம் வந்துவிட்டது.

செலக்டர் சார் அப்போதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அதோடு விசில் ஊதிவிட்டார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

கோப்பை கொடுத்து, போட்டோ எடுத்து முடித்ததும் மாவட்ட டீமின் பெயர்களை வாசித்தார்கள். பெயர் வாசித்த பிள்ளை முன்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். முதல் பெயர் மெர்சி. எங்கள் முன்னாட்டக்காரி பெயரும் வந்தது. பேக் இடத்துக்கு வேறு வேறு பள்ளிப் பிள்ளைகள் பெயராக வாசித்தார்கள். கலை பெயர் இல்லை. ஒரே ஒரு இடம் பாக்கி இருப்பதாகவும், அதை யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார்கள். யோசித்துச் சொல்வது என்றால் என்ன என்று இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நான் போய்க் கேட்டேன். சொந்தப் பிள்ளைக்குச் சிபாரிசு என்று நினைப்பார்களே என்று கூச்சமாக இருந்தது, போனேன். நீங்களும் போங்கள். "சார், எங்க அஞ்சாம் நம்பரைக் கொஞ்சம் யோசிங்க" என்றேன்.

"டீச்சர், பந்து காலுக்கு வந்தும் வுட்டுட்டா. நானே கண்ணால பாத்தேன்" என்றார்.

வூடு, வுடு கதையைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா இருக்குது டீச்சர், ஆனா இதை நான் கமிட்டியில எப்படிச் சொல்ல?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலி ஓரம் கலையின் அம்மா இன்னும் போகாமல் நிற்கிறார்.

அப்போது வரிசையில் முதலில் நின்ற மெர்சி கையைத் தூக்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? ஸ்டேட்டுல என்னை மாதிரி ஒருத்தி எதிர்ல வந்தா யாரு சார் புடிப்பா?"

"இதோ, பேக்குங்க நிக்கறாங்களேம்மா" என்றார் செலக்டர்.

மெர்சி திரும்பி அந்தப் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "இவங்க எல்லாரையும் இந்த வருஷம் நான் தாண்டியிருக்கேன் சார். அந்த அக்காவத்தான் முடியல."

வரிசையில் நின்ற பேக் பிள்ளைகளில் ஒருத்தி, "ஆமா சார், தாண்டினா" என்றாள். செலக்டர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எங்கள் கூட்டத்தின் கடைசியில், மற்ற பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த கலையைக் கைகாட்டினார்.

"ஏம்மா, ஒன் பேரு என்ன?"

"கலையரசி சார்."

"எங்க ஆடுவ?"

"பின்னாடி சார்."

"பின்னாடி ஆடுனது போதும். வா, முன்னாடி வந்து நில்லு."

கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போ புள்ள" என்றேன். அவள் நடந்து போனாள், அவள் வழக்கப்படி மெதுவாக. வரிசையில் இடமே இல்லை. மெர்சி ஒரு அடி நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.